நோவோபென் எக்கோ: சின்னப் பிள்ளையின் சாப்பாட்டு இன்சுலினுக்கு அரை யூனிட் பேனா

டைப் 1 சர்க்கரை உள்ள 20 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 16 யூனிட் இன்சுலின் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மாவுச்சத்துக் கணக்குக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் எண் 500; அதை 16-ஆல் வகுத்தால் சுமார் 31. அதாவது ஒரு யூனிட் வேக இன்சுலின், ஏறத்தாழ 30 கிராம் மாவுச்சத்துக்கு ஈடு. ஏறிய சர்க்கரையை இறக்கும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் எண் 1800; அதை 16-ஆல் வகுத்தால் சுமார் 110. ஒரு யூனிட் கூடுதலாகப் போனால் ரத்தச் சர்க்கரை 110 இறங்கும். இவை தொடக்கக் கணக்குகள்தான்; பிள்ளையின் மருத்துவர் மீட்டர் எண்களைப் பார்த்துத் திருத்தித் தருவார்.

இப்போது ராத்திரிச் சாப்பாடு. நடுத்தர இட்லி மூன்று, 30 கிராம். சிறு கரண்டி சாம்பார், 6 கிராம். 36-க்கு 1.2 யூனிட். சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை 150, இலக்கு 120 என்றால் அந்த 30-ஐ இறக்க 0.27. கூட்டினால் 1.47. ஒரு யூனிட் பேனாவில் 1 போடலாம் அல்லது 2 போடலாம். 2 போட்டால் படுக்கும் நேரத்துக்கு 55-க்கும் மேல் கூடுதலாக இறங்கும். இலக்கான 120, 60-ஐத் தொடும். 1 போட்டால் விடிய விடிய உயரத்திலேயே நிற்கும். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் ஒரு யூனிட் பேனாவால் அதை நிறைவேற்ற முடியாது. அரை யூனிட் பேனாவில் 1.5 வைத்துவிடலாம். நோவோபென் எக்கோவை வாங்கச் சொல்வதற்கு இந்த ஒரு காரணம் போதும். மற்றதெல்லாம் அதைச் சரியாகப் பயன்படுத்துவது பற்றித்தான்.

கருவி இதுதான். நோவோ நார்டிஸ்க் தயாரிப்பு. பென்ஃபில் என்ற 3 மில்லி இன்சுலின் கார்ட்ரிட்ஜை மாற்றி மாற்றிப் போடும் நிரந்தரப் பேனா. அரை யூனிட்டில் தொடங்கி 30 யூனிட் வரை, அரை அரையாக ஏறும். எண் தெரியும் சன்னலில் நீளக் கோடு முழு யூனிட், குட்டைக் கோடு அரை யூனிட். அளவைக் கூட்டி வைத்துவிட்டால் திருப்பிக் குறைத்துக்கொள்ளலாம், மருந்து வீணாகாது. பொத்தானின் முனையில் சின்னத் திரை ஒன்று உண்டு. கடைசியாகப் போட்ட அளவையும், போட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையும் 12 மணி நேரம் வரை அது காட்டும். இதே நிறுவனத்தின் நோவோபென் 4 ஒவ்வொரு யூனிட்டாக 60 வரை போகும். மருந்துக்கடையில் 'நோவோபென்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது அதுதான். பெட்டியில் 'எக்கோ' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழகிய கை இந்தப் பேனாவில் ஏமாறும் இடம், 'டிக்' சத்தம். வீட்டில் தாத்தாவுக்கு நோவோபென் 4 இருந்தால், போட்டுவிடுகிறவர் எண்ணைப் பார்க்காமல் டிக் எண்ணிப் பழகியிருப்பார். அங்கே மூன்று டிக் மூன்று யூனிட். எக்கோவில் மூன்று டிக் ஒன்றரை. இந்தப் பக்கம் தவறினால் சர்க்கரை ஏறும், அவ்வளவுதான். எக்கோவில் டிக் எண்ணிப் பழகிய கை, பேனா பழுதான நாளில் நோவோபென் 4-ஐ எடுத்து மூன்று டிக் வைத்தால் இரட்டிப்பு அளவு உள்ளே போய்விடும். டிக்கை எண்ணவே கூடாது. சன்னலில் உள்ள எண்ணை வாய்விட்டுப் படிக்க வேண்டும், கண் மங்கலான ஆச்சி போடுவதாக இருந்தால் இன்னொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்தது, ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே அடித்துப் பார்ப்பது. புது ஊசியை மாட்டி, முனையை மேல்நோக்கிப் பிடித்து, கார்ட்ரிட்ஜைத் தட்டிக் குமிழை மேலே ஏற்றி, 2 வைத்து அழுத்த வேண்டும். சொட்டு வரவில்லையென்றால் வரும்வரை திரும்பச் செய்ய வேண்டும். பிள்ளைக்குப் போடுவதே ஒன்றரை யூனிட், அதற்கு ரெண்டு யூனிட்டை வீணாக்குவதா என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். கணக்குப் பார்ப்போம். சாப்பாட்டு இன்சுலின் நாளுக்கு 8 யூனிட், மூன்று வேளைச் சோதனைக்கு 6, ஆக 14. 300 யூனிட் கார்ட்ரிட்ஜ் 21 நாள் வரும். சோதனை செய்யாவிட்டால் 37 நாள் வர வேண்டும். ஆனால் மாட்டிய நோவோராபிட் (நோவோவின் வேக இன்சுலின்) கார்ட்ரிட்ஜை 4 வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே உண்மையான இழப்பு மாதத்துக்கு ஒரு வாரம், வருசத்துக்கு நாலைந்து கார்ட்ரிட்ஜ். செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் மில்லிக்கு நூறு யூனிட் வலிமை மருந்தில் அரை யூனிட் என்பது 0.005 மில்லி. ஊசி முனையில் தொங்கும் ஒரு சொட்டு கிட்டத்தட்ட அவ்வளவு இருக்கும். உள்ளே காற்று இருந்தால் அழுத்தம் காற்றை அமுக்குவதிலேயே போய்விடும், அரை யூனிட் பேனா வாங்கியதற்கே பொருளில்லாமல் போகும்.

காற்று எப்படி வருகிறது என்பதும் இங்கே முக்கியம். ஊசியை மாட்டியபடியே பேனாவை வைத்தால், வெயிலில் மருந்து விரிந்து முனை வழியாகக் கசியும்; ராத்திரி குளிர்ந்ததும் சுருங்கிக் காற்றை இழுக்கும். சித்திரை மாதப் பாளையங்கோட்டையில் இது ஒரே நாளில் நடக்கும். போட்டு முடித்த கையோடு ஊசியைக் கழற்றிவிடுங்கள். 4 மில்லிமீட்டர் ஊசி எல்லாப் பிள்ளைகளுக்கும் போதும். நேராகக் குத்தலாம்; ஆறு வயசுக்குள் உள்ள பிள்ளைக்கும், எலும்பும் தோலுமாக இருக்கும் பிள்ளைக்கும் தோலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பொத்தான் 0-க்கு வந்த பிறகு ஆறு விநாடி வைத்திருக்கச் சொல்கிறது கையேடு. பத்து வரை எண்ணச் சொல்கிற மருத்துவர்களும் உண்டு. சின்ன அளவுக்குப் பத்தே நல்லது. ஊசியை உருவிய பின் தோலில் ஈரம் தெரிந்தால், போட்ட அளவில் ஒரு பகுதி வெளியே வந்திருக்கலாம்.

கார்ட்ரிட்ஜ் முடியும் தறுவாயில் ஒரு நுட்பம். மிச்சம் குறைவாக இருந்தால் பொத்தான் 0-க்கு வராமல் நின்றுவிடும். சன்னலில் தெரிகிற எண், இன்னும் போக வேண்டிய அளவு. அதைக் குறித்துக்கொண்டு, புதுக் கார்ட்ரிட்ஜ் மாட்டி, சொட்டு வரும்வரை அடித்துப் பார்த்து, அந்த மீதியை மட்டும் போட வேண்டும். அப்போது நினைவுத் திரையில் மீதி அளவுதான் நிற்கும், முழு அளவு நிற்காது. போட்ட பிறகு விளையாட்டாகப் பொத்தானை அழுத்திப் பார்த்தாலும் இதே கதைதான், கடைசி அழுத்தம் முந்தியதை அழித்துவிடும். ஆகவே நோட்டும் வேண்டும். திரைக்கான மின்கலம் நான்கைந்து வருசம் வரும், மாற்ற முடியாது.

பொருத்தம் பார்த்து வாங்குவதில் கடைக்காரர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எக்கோவில் நோவோவின் பென்ஃபில் மட்டும்தான் போகும். லில்லி என்ற வேறு நிறுவனத்தின் வேக இன்சுலினான ஹியூமலாக் கார்ட்ரிட்ஜ் இதில் உட்காராது. அதற்கு ஹியூமாபென் லக்சூரா எச்டி என்ற அரை யூனிட் பேனா தனியாக இருக்கிறது. ஆனால் அது 1 யூனிட்டில்தான் தொடங்கும், அரை மட்டும் போட வழியில்லை. இரண்டு வயசுப் பிள்ளைக்கு அந்த அரை வேண்டியிருக்கும். நீண்ட நேர இன்சுலினாகக் கிளார்ஜின் போகிறதென்றால் அதற்கு அதன் பேனாவே வேண்டும். இரண்டு பேனாவும் ஒரே டப்பாவில் கிடந்தால் என்றாவது ஒருநாள் மாறும். ஒன்றில் சிவப்பு ரப்பர் பேண்ட் சுற்றி, வேறு வேறு இடத்தில் வைத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம் சிரிஞ்சில் இருக்கிறது. நம் ஊரில் இரண்டு வலிமை இன்சுலினும் புழங்குகிறது. குப்பியில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாக் கார்ட்ரிட்ஜ் எல்லாம் மில்லிக்கு 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். பேனா கெட்டுப்போன இரவில், கார்ட்ரிட்ஜில் சிவப்பு மூடி சிரிஞ்சைக் குத்தி 2 கோடு இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். இரண்டரை மடங்கு. மேலே சொன்ன பிள்ளைக்கு அது ஆஸ்பத்திரிக்கு ஓடும் அளவு. ஆகவே எக்கோ வாங்கும் அன்றே ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் ஒரு பாக்கெட் வாங்கி, பேனா டப்பாவிலேயே போட்டுவிடுங்கள், வீட்டில் சிவப்பு மூடி மிச்சம் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். சிரிஞ்ச் குத்திய கார்ட்ரிட்ஜைத் திரும்பப் பேனாவில் மாட்டக் கூடாது. காற்று ஏறியிருக்கும்.

இனி, நெல்லைச் சாப்பாட்டுக்கு இந்தப் பேனா எப்படி ஈடு கொடுக்கிறது என்று பார்க்கலாம். வெள்ளைச் சோறு சுலபம். வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. ஒரு சமையலறைத் தராசு இருந்தால், பிள்ளையின் வழக்கமான கிண்ணத்தை ஒரு தடவை நிறுத்துக் குறித்துவிடலாம். இட்லியும் அப்படித்தான், தட்டு மாறாதவரை. தோசை நம்பக் கூடாத பண்டம். ஆச்சி ஊற்றும் கல்தோசையும் அம்மா இழைக்கும் முறுகலும் பேரில்தான் ஒன்று. மாவுக் கரண்டியை நிறுப்பதே வழி.

அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கிற பிள்ளைக்கு, 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க வந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் கணக்குக்கு வசதியானது. ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ சேமியாவோ 50 கிராம் என்று அளந்து சமைக்கிறார்கள், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். உப்புமா, கிச்சடி, பொங்கல் எதுவானாலும் தானியத்திலிருந்து 36 முதல் 40 கிராம், பருப்பிலிருந்து 9 கிராம். காலையில் பிள்ளைகளுக்கு இன்சுலின் கூடுதலாகத் தேவைப்படுவது வழக்கம். யூனிட்டுக்கு 20 கிராம் என்று மருத்துவர் கொடுத்திருந்தால் 47-க்கு 2.35, பேனாவில் 2.5. தித்திப்பு சேர்த்துத் தரும் நாளில் அதைத் தனியாகக் கூட்ட வேண்டும்.

ஆனால் இந்தச் சாப்பாட்டுக்கு வீட்டிலேயே ஊசி போட்டு அனுப்பக் கூடாது. வேக இன்சுலின் 10 முதல் 20 நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும். வண்டி தாமதமாகி, தட்டு அரை மணி பிந்தி வந்தால் பிள்ளை வரிசையில் நிற்கும்போதே இறங்கிவிடும். தட்டு வந்ததைப் பார்த்து, பள்ளியிலேயே போட வேண்டும். சாப்பிடுமா சாப்பிடாதா என்று தெரியாத சின்னப் பிள்ளைக்கு 1.5-ஐ முதலில் போட்டு, தட்டைக் காலி செய்ததும் மிச்சம் 1 போடலாம். ஒரு யூனிட் பேனாவில் இப்படிப் பிரிப்பது ரொம்பத் தடுமாற்றம். ஊசியை வீட்டில் போட்டார்களா பள்ளியில் போட்டார்களா என்று சந்தேகம் வரும் இந்த இடத்தில்தான் பொத்தானின் முனைத் திரை தன் விலைக்கு வேலை செய்கிறது.

சொதிதான் கடினம். தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய். கல்யாணத்துக்கு அடுத்த நாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் ரெண்டு கைச் சோற்றோடு போகும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு வயிற்றைக் காலியாக விடாது. சோற்றின் சர்க்கரை ரத்தத்துக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் இழுக்கும். ஊசியோ ஒன்றிரண்டு மணியில் உச்சத்துக்குப் போய்விடும். முதலில் இறங்கி, பிறகு ஏறும், அதைப் பார்த்து 'இன்சுலின் வேலை செய்யவில்லை' என்று எல்லோரும் திரும்பப் போடுவார்கள். மொத்தம் 2.5 என்றால், மருத்துவர் ஒத்துக்கொண்டபடி 1.5 முன்னாடி, 1 ஒரு மணி நேரம் கழித்து. இடையில் அவசரப்பட்டு இன்னொரு திருத்த ஊசி போடாமல் இருக்க, திரையில் 'ஒரு மணி நேரம்' என்று தெரிவது கை பிடித்து நிறுத்தும். முதல் ஊசியின் வேலை மூன்று முதல் ஐந்து மணி வரை உள்ளேயே இருக்கிறது.

உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் பிள்ளைகளுக்கு நல்லது; பருப்பும் எண்ணெயும் இருப்பதால் ஏற்றம் மெதுவாக இருக்கும், அளவைப் பிரித்துக்கொள்ளலாம். கூட்டாஞ்சோற்றில் அரிசி, பருப்பு, காய் எல்லாம் ஒரே பானை. வெந்த மொத்த எடையையும், போட்ட அரிசி பருப்பையும் குறித்துவைத்து வகுத்தால்தான் ஒரு தட்டுக்கு எவ்வளவு என்று வரும். அல்வாவுக்கு விதி இல்லை, எடைதான் உண்டு. 50 கிராம் துண்டில் மாவும் சீனியும் சேர்ந்து 25 கிராமுக்குக் குறையாது என்று எடுத்துக்கொள்ளுங்கள், நெய் இருப்பதால் அதன் ஏற்றமும் பிந்தும். கருப்பட்டி என்றால் 'ஒன்றும் செய்யாது' என்று ஆச்சி சொல்வாள். செய்யும். உடன்குடிக் கருப்பட்டியானாலும் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான், கருப்பட்டிக் காபியையும் கணக்கில் கூட்டியே ஆக வேண்டும்.

இறங்கிவிட்டால், 70-க்குக் கீழே வந்தால், கருப்பட்டியும் அல்வாவும் உதவாது, கரைய நேரமாகும். கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ், ஆக 20 கிலோ பிள்ளைக்கு 6 கிராம். அதை நிறுத்துப் பொட்டலம் கட்டி, பேனா டப்பாவிலும் பள்ளிப் பையிலும் ஆசிரியர் மேசையிலும் வைக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

குற்றாலம் போனால் அருவியில் நிற்பதே உடற்பயிற்சி. சாரல் நாளில் சாப்பாட்டு ஊசியை எவ்வளவு குறைப்பது என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள். பேனாவைக் கரையில் காய்ந்த பையில் விடுங்கள். நனைத்துக் கழுவக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

வெயிலுக்கு வருவோம். மாட்டிய கார்ட்ரிட்ஜ் 30 டிகிரிக்குக் கீழே 4 வாரம். குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம் என்பதே நோவோராபிட் பென்ஃபில் குறிப்பு. மாட்டாதவை 2 முதல் 8 டிகிரியில், உறைபெட்டிக்கு எட்ட. உறைந்த இன்சுலின் செத்த இன்சுலின், கரைந்த பிறகு தெளிவாகத் தெரிந்தாலும். பங்குனி முதல் வைகாசி வரை நம் ஓட்டு வீட்டு மதியத்தில் 30 என்பது நினைத்துப் பார்க்க முடியாத எண். அப்போது கைகொடுப்பது மண்பானை. பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல். பேனாவைத் தண்ணீர் போகாத டப்பாவில் போட்டுச் சின்னப் பானைக்குள் வைத்து, ஈரச் சாக்கால் மூடி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். காலையும் மாலையும் மணலை நனைக்க வேண்டும். ஆனி, ஆடியில் மலை தாண்டி வரும் காத்து வறண்டும் வேகமாகவும் இருக்கும், பானை நன்றாகக் குளிரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆவியாகாது. அந்த மாதங்களில் தேவையும் குறைவு. உள்ளே ஒரு சின்ன வெப்பமானி போட்டுவிட்டால் ஊகம் தேவையில்லை. பள்ளிப் பை வைக்கும், வெயில் படும் சன்னல் ஓரமும், நிறுத்தி வைத்த வண்டியின் பெட்டியும் பேனாவுக்கு எமன்.

யாருக்கு இது வேண்டாம்? தேவை நாளுக்கு 40, 50 யூனிட்டைத் தாண்டிய, பெரிய பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு அரை யூனிட் சுமார் 20-தான் இறக்கும், நோவோபென் 4 போதும். காலை, மாலை இரண்டு வேளை 30/70 கலவை ஊசி போடும் பிள்ளைக்கும் சாப்பாட்டுக்குச் சாப்பாடு கணக்குப் பார்க்க வழி இல்லை. முதலில் மருத்துவரிடம் ஊசி முறையை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும், பேனா பிறகு. குப்பியில் ரெகுலர் இன்சுலின் வாங்குகிறவர்கள் இதற்கு மாறும்போது நேரமும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். ரெகுலரை அரை மணி முன்பு போட்டோம், அது ஆறேழு மணி நேரம் இழுத்ததால் பதினொரு மணிக்குச் சுண்டல் கொடுத்தோம். வேக இன்சுலினில் அந்தச் சுண்டல் ஊசி இல்லாத சாப்பாடாகி, மதியம் சர்க்கரையை ஏற்றிவைக்கும்.

வாங்குவதில் கடைசி வேலை, கொண்டுவருவது. பாளையங்கோட்டையிலோ வண்ணார்பேட்டையிலோ சொல்லி வரவழைத்து, அம்பாசமுத்திரத்துக்கோ வள்ளியூருக்கோ பஸ்ஸில் எடுத்துப்போகிறவர்கள், கடைக்காரர் கொடுக்கும் ஐஸ் பொட்டலத்தைக் கார்ட்ரிட்ஜ் பெட்டியோடு ஒட்ட வைக்கக் கூடாது. ஒட்டிய பக்கம் உறைந்துபோகும். இடையில் மடித்த துணி ஒன்றை வையுங்கள், பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், எஞ்சின் பக்கத்தில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு கார்ட்ரிட்ஜையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தண்ணீர்போல் தெளிவாக இல்லாததை அடுத்த பஸ்ஸிலேயே திருப்பிக் கொடுங்கள்.